மாட்டைப் பிடித்தது யார்

ஞாயிற்றுக்கிழமை.

மகள் விரும்பும் பொடியனின் தாய் தகப்பன் ஹரோவிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னுடைய இவர் சும்மா இருந்திருக்கலாம். ஊரில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குள் பாய்ந்த நாம்பன் மாட்டைத் தனியாளாகப் பிடித்த கதையைத் தொடங்கிவிட்டார். முப்பது வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மாட்டின் கொம்பு ஒரு சாண் வளருகிறது. நான் வாயை மூடிக்கொண்டு வடை பரிமாறினேன்.

“அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்?” என்று பொடியனின் தாய் என்னைக் கேட்டா.

“நான்தான் தவிட்டு வாளியைக் காட்டி மாட்டைப் பிடிச்சுக் கட்டினனான். இவர் மாமரத்தில ஏறி நிண்டவர். பிறகு ஏணி வைச்சு இறக்கினனான்.”

வாய் தவறி வந்துவிட்டது. மகள் முறைத்தாள். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்தியது. தன் கணவரைக் காட்டி, “எங்கட இவர் ஆட்டுக்கே பயந்து ஓடினவர்” என்றா. அந்த மனுசன் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு தானாக ஓடியது.

இவர் மட்டும் இரவுச் சாப்பாடு வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது கட்டிலில் கிடந்தபடி கேட்கிறார்:

“அந்தாள் நல்ல மனுசன், என்னப்பா?”

ஓம் என்றேன்.