வால்பாறை அணிக்குப் போட்ட பூஜ்ஜியம்

சனிக்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை.

இன்று ரோபோ போட்டி நடந்த அரங்கில் இன்டர்நெட் சுத்தமாக இல்லை. மற்ற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து, யாருடைய ரோபோ எத்தனை பந்தைக் கூடையில் போடுகிறது என்று போனில் குறிப்பது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் போனில் வரும் க்யூஆர் கோடை எங்கள் கேப்டன் சரண்யாவின் லேப்டாப்பில் காட்ட வேண்டும். நெட் இல்லாமலே கணக்கு சேர்ந்துவிடும்.

வால்பாறை அணி ஆடியபோது நான் உள்ளே இல்லை. சிக்னல் தேடி வாசலுக்குப் போயிருந்தேன். அவசரம் ஒன்றுமில்லை. நேற்று ஸ்டேட்டஸில் போட்ட படத்தை யாராவது பார்த்தார்களா என்று பார்க்கத்தான். திரும்பி வந்து, எதையும் நிரப்பாமல் கோடைக் காட்டினேன். நிரப்பாத கட்டம் பூஜ்ஜியமாகப் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும்.

இறுதிச் சுற்றில் சேர்ந்து ஆட, முன்னணி அணிகள் ஒவ்வொன்றும் ஒரு கூட்டாளி அணியை அழைக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது சரண்யா திரையைப் பார்த்தாள்.

"வால்பாறை நல்லா ஆடுறாங்கன்னு நெனச்சேன். ஒரு ஆட்டத்துல ஒண்ணுமே போடலியே. ரோபோ நின்னுபோச்சாடா?"

"ஆமா, நின்னுபோச்சு" என்றேன்.

அவள் வேறு அணியை அழைத்தாள். எங்களுடையதுதான் கடைசி அழைப்பு; யாரும் அழைக்காத அணிக்கு இறுதிச் சுற்று இல்லை. வால்பாறைக்குப் போட்டி அதோடு முடிந்தது.

சாயங்காலம் அந்த அணிப் பெண் ஒருத்தி ரோபோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க மேல உக்காந்து எல்லாரையும் பாத்துட்டு இருந்தீங்கள்ல? எங்க ரோபோவுல என்னங்க கொறை? சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவோம்."

"கை கொஞ்சம் மெதுவா தூக்குது அம்மணி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

தலையாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டும் கேட்காமல், ஸ்பானரை எடுத்து அந்தக் கையைக் கழற்ற ஆரம்பித்தாள்.