மற்ற மூன்று சுவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது எப்போதுமே தனிக்குடித்தனம். நான் கேட்பதற்கு முன்பே நீயும் சுகம் என்று தினமும் நீயே சொல்லிவிடுவதால் அதை விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். நான் எந்தக் கேள்வியின் பக்கம் திரும்பப் போகிறேன் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, 'போதும் விடு, புள்ளைக்குப் படிக்கற வேலை இருக்கும்' என்று பிரேக் போட்டுவிடுகிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்துக் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும், அந்தப் பழக்கம் வண்டியோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆகவே அவர் மாலை வகுப்புக்கு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருக்கும் நேரம் பார்த்து, நம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் ஊர் வானிலைதான் இப்போது நம் வீட்டு வானிலை. அங்கே மழை என்று போன் சொன்னால் அப்பா இங்கே மொட்டை வெயிலில் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கேட்டால், சும்மா கையில் இருக்கட்டும் என்கிறார். விமான நேரங்களையும் பார்க்கிறார், அதுவும் சும்மாதான். அத்தை போன வாரம் வந்திருந்தாள். உன் கல்லூரிக்காரர்கள் உன்னை அங்கே அனுப்பிவிட்டு அங்கிருந்து ஒருத்தியை வரவழைத்து நம் வீட்டில் உன் அறையிலேயே குடிவைத்ததை அவளால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, 'ஏன் அண்ணி, பழைய மிக்ஸியைக் குடுத்துட்டுப் புது மிக்ஸி வாங்கற மாதிரி பொண்ணை மாத்திட்டு வந்திருக்கீங்களே, இதுக்காவது வாரண்டி உண்டா' என்று கேட்டாள். அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து, 'வணக்கம், தாங்கள் நலமாக இருக்கிறீர்களா, தண்ணீர் அருந்துகிறீர்களா' என்றதும் அத்தை ஒற்றைச் செருப்போடு நின்றபடியே கைகூப்பிவிட்டாள். நம் மொழியை அவள் வகுப்பில் படித்துக் கற்றவள் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். செய்தி வாசிப்பவரை வீட்டோடு வைத்திருப்பது போல இருக்கிறது. அவள் பெயரை அப்பா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, எப்படி அழைத்தாலும் வருகிறேன் என்று அவளே பரிதாபப்பட்டுச் சொல்லிவிட்டாள். நாங்கள் பதிலாள் என்றே கூப்பிடுகிறோம்.

பதிலாள் நல்ல பெண். பேருந்து நிறுத்தத்தில் வரிசை எங்கே முடிகிறது என்று தேடித்தேடி முதல் சில நாள் கல்லூரிக்கே போய்ச் சேரவில்லை. நீ சொன்னாயே, அங்கே தரைக்கடியில் ஓடும் ரயிலில் கதவு திறந்ததும் கோடு போட்டது போல ஏறுகிறார்கள், ஏறியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள் என்று. அந்த ஊரில் ஒரு கண்ணாடிக் கடை போட்டால் எங்கேயோ போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். இவளோ இங்கே எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்று குறைப்படுகிறாள். பொத்தான் அழுத்தினால் காபி கொட்டும் இயந்திரத்தையும் துணி துவைக்க நீங்கள் கீழ்த்தளத்தில் காத்திருக்கும் அறையையும் நீ விவரித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் இவள் உட்கார்ந்து, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் நம் மொழியில் அவளுக்குப் பிடித்த சொல் வந்துவிடும். போதும். இன்னும் பரிமாறவே ஆரம்பித்திருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் அவள் தன் அம்மாவோடு போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அவர் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறவராம், கணவர் இல்லை, ஒரே பெண். பேச்சு ஒரு சொல்கூட எனக்குப் புரியாது, ஆனால் ராகம் நன்றாகப் பழகிவிட்டது. துள்ளலாக ஆரம்பித்து, நடுவில் ஒரு சிரிப்பு, முடிவில் இன்னொரு சிரிப்பு. போன வியாழக்கிழமை மடித்த துணிகளை வைக்க அந்த அறைக்குள் போனேன். மேஜை முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். போன் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்த பக்கத்தில் உன் புத்தக அலமாரி, துடைத்துவைத்த மேஜை விளக்கு, தலை வாரிய பெண். அது பார்க்காத பக்கத்தில் மத்தியானம் நான் கொடுத்த சாப்பாடு செய்தித்தாள் போட்டு மூடியபடி, விரிப்பு விரிக்காத மெத்தை, தரையில் வாய் பிளந்து கிடக்கும் பெட்டி. அவள் வருகிறாளென்று உன் அலமாரியை ஒழித்துத் துடைத்து வைத்தேனே, அது அப்படியே காலி. இத்தனை நாளும் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி, பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

என்னைக் கண்டதும் அவள் அம்மா ஏதோ நீளமாகக் கேட்டார். பெண் என்னிடம், 'அம்மா தங்களுக்கு நன்றி தெரிவிக்கிறார்' என்றாள். அந்த முகத்தில் நன்றி இல்லை, கேள்விதான் இருந்தது. நான் விடவில்லை. உங்கள் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, கண் வீங்கியபடி எழுந்து வருகிறாள், எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நீங்களாவது கேளுங்கள் என்று விவரமாகச் சொல்லி, அதை அப்படியே அம்மாவிடம் சொல்லம்மா என்றேன். அவள் கொஞ்சமும் கூசாமல் இரண்டே சொல் சொன்னாள். அந்த அம்மாள் மலர்ந்து சிரித்து எனக்குத் தலை வணங்கினார். நான் சொன்னதில் அந்தச் சிரிப்புக்கு எங்குமே இடம் இல்லை. குற்றவாளியே மொழிபெயர்ப்பாளராக இருந்தால் வழக்கு இப்படித்தான் தள்ளுபடியாகும். எனக்கு என்ன தோன்றியதோ, மேஜையிலிருந்து அந்தப் போனை எடுத்து மெதுவாக அறையைச் சுற்றிக் காட்டிவிட்டேன். தட்டு, மெத்தை, பெட்டி. காட்டி முடித்துப் பார்த்தபோது அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லை. போனைப் பெண்ணிடம் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் உன் அப்பா, வலது கால் தரையை அழுத்தியபடி நின்றுகொண்டிருந்தார். 'ஏன்டி, அடுத்தவங்க வீட்டு விஷயத்துல இப்படியா உள்ள போவே' என்றார். நான் செய்தது சரி என்று இன்னமும் எனக்கு உறுதியில்லை. உள்ளே நெடுநேரம் அந்த அம்மாளின் குரல் தாழ்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த முறை ராகம் வேறு.

இரண்டு நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தாங்கள், அருந்துகிறீர்களா எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் காலையில் உன் அலமாரிக்குள் ஹேங்கர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, 'அம்மா, இன்னும் ஹேங்கர் குடுங்க' என்றாள். செய்தி வாசிப்பவர் போய்விட்டார், வீட்டுப் பெண் பேசினாள். அழுகை நின்றுவிட்டது என்று நினைக்காதே. இப்போது கூடத்தில் உட்கார்ந்து எங்கள் முன்னாலேயே அழுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா கைக்குட்டையை நீட்டிவிட்டு டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுகிறார். அழுது முடித்ததும் சாப்பிடுகிறாள்.

அவள் ஹேங்கர் கேட்ட அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் முதல்முறையாக உன் முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். ஒரு வெள்ளைச் சுவர், ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள், ஒரு பூந்தொட்டி. போனதிலிருந்து அந்த ஒரு சுவரைத்தான் காட்டுகிறாய். தொட்டியில் இருக்கும் செடிக்கு இத்தனை மாதத்தில் ஓர் இலைகூடக் கூடவில்லை, ஓர் இலைகூடப் பழுக்கவும் இல்லை, அது எந்தக் கடையில் விற்கிற செடி என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் உன் சிவப்புப் பெட்டியின் கைப்பிடி தெரிந்தது. விமானநிலையத்தில் ஒட்டிய காகிதம்கூடப் பிய்க்கவில்லை. கைப்பிடி மேலே இழுத்தபடியே நிற்கிறது, யாரோ வந்து கூப்பிட்டால் உடனே உருட்டிக்கொண்டு கிளம்புவது போல. எப்படிம்மா இருக்கே என்று நான் கேட்டு முடிப்பதற்குள், 'சூப்பரா இருக்கேம்மா, இங்க செம ஜாலி' என்றாய்.

என் தொழில் உனக்குத் தெரியும். லாரி ஓட்டுகிற மனிதர் ஒருவர் அடிக்கடி வருவார். வாசலில் காத்திருக்கும்போதே முன்னால் போனவர் எழுத்துப் பலகையைப் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, நான் கண்ணிலிருந்து மறைப்பை எடுப்பதற்கு முன்பே கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் யாரும் அவ்வளவு வேகமாகப் படிப்பதில்லை, திணறுவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், இதுவா அதுவா என்பார்கள். அவரைக் கடைசி எழுத்திலிருந்து திரும்பப் படிக்கச் சொன்னால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள், உன் ஒப்புவிப்பை மட்டும் இத்தனை நாள் சரி என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். 'நல்லாத்தான இருக்கா, சிரிக்கறாளே' என்றார். சொல்லிவிட்டுப் போய் மறுபடி விமான நேரம் பார்த்தார்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு நீ எப்போது கூப்பிடுகிறாயோ, அப்போது எதையும் ஒப்பிக்காதே. போனைத் திருப்பு, மற்ற மூன்று சுவர்களையும் காட்டு. நானும் காட்டுகிறேன். நாங்களும் உனக்குச் சோபாவின் ஒரு மூலையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலி மேல் அப்பா இஸ்திரித் துணிகளை அடுக்கி வைத்திருந்தார். அது காலியாக இருப்பதைப் பார்க்க முடியாமல்தான், வேறு இடம் இல்லாமல் இல்லை. நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். பதிலாள் வந்த பிறகும் அவளை வேறு நாற்காலியில்தான் உட்காரவைத்தோம். இதையெல்லாம் நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை, நீ கவலைப்படுவாய் என்று. நீ யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று எனக்கு இனி ஆச்சரியமில்லை.

பிடித்திருந்தால் பெட்டியைப் பிரித்துத் துணிகளை மாட்டு, படிப்பை முடித்துவிட்டு வா. முடியவில்லையென்றால் மூடி எடுத்துக்கொண்டு நாளைக்கே வா. உன் அறையில் ஆள் இருக்கிறது, எங்களோடு கூடத்தில் படுத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அத்தை கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் சரி, அந்தக் கைப்பிடியை மட்டும் அப்படிப் பாதியில் நிற்க விடாதே. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

நல்ல தூக்கமும் நல்ல பசியும் பேச ஒரு துணையும் உனக்குக் கிடைக்கட்டும். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதே, நீ கிளம்பும்போதே கண்ணாடி உறைக்குள் துணி வைத்து அனுப்பியிருக்கிறேன், உறையை ஒருமுறையாவது திறந்து பார். நாற்காலி மேல் இருந்த துணிகளை இன்று காலையில்தான் எடுத்தேன். அப்பா பார்த்தார், பிரேக் போடவில்லை.

இப்படிக்கு,
போன் திரும்பக் காத்திருக்கும்
உன் அம்மா