மூன்று ராஜாக்களும் ஒரு துண்டுக் கருப்பட்டியும்

அண்ணாச்சி,

நேற்று மதினி ஓலைக்கொட்டான் நிறைய உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருந்தார்கள். பட்டறையில் வைத்துச் சுத்தியலால் பையத் தட்டினேன். கடக் என்று ஒரு சத்தம். கை அப்படியே நின்றுவிட்டது. நாள் முழுக்க லேத் மிஷின் அலறுகிறது, அதெல்லாம் காதில் ஏறுவதில்லை. இந்தச் சின்னச் சத்தம் ஆளை உட்கார வைத்துவிட்டது.

உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை இப்போதெல்லாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் நாலு பேரும் சீட்டு விரித்த மேசையில் பழைய பேரிங்குகள் கிடக்கின்றன. நம் நாலு பேரில் ஒருவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். இன்னொருவர் போனில் ஆடுகிறார். எதிரே ஆள் இல்லாமல் யாரைத்தான் திட்டுகிறாரோ. கேலி பேச ஆளில்லாமல் இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்கு முன்னமே தெரியாது.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் பள்ளிக்கூடம் போன நாட்களை எண்ணக் கைவிரல் போதும்.

துபாயிலிருந்து மற்றவர்கள் சென்ட்டும் டிவியும் கொண்டுவந்தார்கள். நீங்கள் போக்கர் ஆட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் எல்லாம் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி, எதிராளியைப் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலக வைக்கலாம். "பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தாம்லே இந்த ஆட்டம்" என்றீர்கள். பணம் வைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். புளியங்கொட்டைதான். அந்தப் புளியங்கொட்டைக்கு நாம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்கும்.

ஆனால் உங்களுக்குப் பொய் ஒரு நாளும் பலித்ததில்லை. தொண்டைக்கு இதமாக வாயில் எப்போதும் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்திருப்பீர்கள். நல்ல சீட்டு வந்தால் அதை மறந்துவிடுவீர்கள். அது கன்னத்துக்குள் தன் பாட்டுக்குக் கரையும். பொய்க்கு ஆடும்போது மட்டும் கடக் என்று கடிப்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் இதைக் கண்டுபிடித்துப் பல வருஷம் ஆயிற்று. ஒருத்தரும் மூச்சு விடவில்லை. "எனக்குப் பொய்யே ராசியில்ல வே" என்று நீங்கள் புலம்புவதைக் கேட்டால் எங்களுக்கு அந்த வாரம் நன்றாகப் போகும்.

அப்புறம் அந்த இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, முன்பின் தெரியாத ஆட்களோடு நிஜ மேசையில் உட்கார வேண்டும் என்றீர்கள். கோவா போக வேண்டுமாம்.

"அங்கன புளியங்கொட்டைய வாங்கமாட்டான் அண்ணாச்சி" என்றேன்.

"ஓவர்டைம் காசு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கேன். போனா அதோட போவுது. நீ வாரியா இல்லியா?"

ஸ்டேஷனில் மதினி என்னைத் தனியே கூப்பிட்டார்கள். "இத ஒண்ணு மட்டும் ஆடிட்டு வந்துருதேன்னு சொல்லுதாவ. மனசு விட்டுராம கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான் ரயிலில் வழி முழுக்க என்னோடு வந்தது.

அங்கே ஆற்றில் நின்ற கப்பலுக்குள்தான் சீட்டாட்டம். வாசலில் பையைச் சோதித்தவன் கருப்பட்டியைக் கண்டு மிரண்டுபோனான். கறுப்பாக, கட்டியாக, வாசனையோடு இருக்கிறதே, என்னத்தை நினைத்தானோ. முகர்ந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். நீங்கள் ஒரு துண்டு உடைத்து அவன் கையில் வைத்து, "தின்னு பாருவே" என்றீர்கள். தொண்டையைத் தொட்டு, மருந்து என்று ஜாடை காட்டினீர்கள். அவன் தின்றான். இன்னொரு துண்டு கேட்டான். அப்புறம் விட்டுவிட்டான்.

மேசையில் ஒன்பது பேர். காசுக்குப் பதிலாக வண்ண வண்ண வில்லைகள். சீட்டுப் போடுகிற பெண், மேசையில் இங்கிலீஷ், ஹிந்தி தவிர வேறு பேசக் கூடாது என்றாள். என் வாயைக் கட்டிப்போட்டதும் எனக்குப் பாதி ஆட்டம் போயிற்று. நீங்களோ பொய் ராசியில்லை என்று நம்பி, கவிழ்த்துக் கவிழ்த்தே வில்லைகளைக் கரைத்தீர்கள்.

கடைசியில் ஒரு ஆட்டத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். நடுவில் ஒரு ராஜா. என் கையில் இரண்டு ராஜா. நீங்கள் மிச்சமிருந்த வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினீர்கள்.

கடக்.

அவ்வளவு இரைச்சலிலும் கேட்டது. நானும் அதே அளவு வைத்து, சீட்டைத் திருப்புங்கள் என்று சொன்னால் போதும், உங்கள் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஊருக்கு வந்து, அதே ராசியில்லாத ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். சீட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நம் மேசையில் கவிழ்த்தவன் பக்கத்து ஆளுக்குச் சீட்டைக் காட்டி உச்சுக் கொட்டுவது வழக்கமில்லையா? பழக்க தோஷத்தில், பக்கத்திலிருந்த குண்டு வியாபாரிக்கு லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டேன். அந்த மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, மூன்று விரலை நீட்டி, "கிங்! கிங்!" என்று கத்திவிட்டான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வில்லைகளை வாரிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

ஊர் திரும்புகையில் மங்களூர் தாண்டியதும் ரயிலில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள். "ஏலே, உண்மையச் சொல்லு. சீக்காளின்னு பாவம் பாத்துக் கவுத்தியா, நெசமாவே பயந்தியா?"

"உங்களப் பாத்தா பாவம்? மூணு ராஜாவ வச்சிக்கிட்டு எவனாவது பாவம் பாப்பானா? நீங்க தள்ளுன தள்ளுல எனக்கு ஒண்ணுக்கே வந்துட்டு அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தீர்கள். பிறகு என் தொடையில் ஓங்கி ஒரு அடி. "பொய்தாம்லே. ரெண்டும் ஏழும் வச்சிருந்தேன். ரெண்டும் ஏழும்."

நம் பேட்டையில் டீக்கடை, ரேஷன் கடை, சலூன் என்று ஒரு இடம் விடாமல் சொன்னீர்கள். இந்த ஆட்டத்திலேயே மட்டமான ரெண்டும் ஏழும் மூணு ராஜாவை விரட்டிய கதை. நானும் கூட நின்று, பயந்தவன் மாதிரி நடித்துக் காட்டினேன். வலிக்கிற தொடையோடு.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எலும்புதான் மிச்சம் இருந்தது. ஒரு துண்டு கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

"ஒண்ணுமில்லலே. அடுத்த மாசம் எந்திரிச்சு வந்துருவேன்."

கடக்.

"பின்ன? புளியங்கொட்டை காத்துக் கெடக்கு" என்றேன். அன்றைக்கும் கவிழ்த்துத்தான் வைத்தேன் அண்ணாச்சி. வேறென்ன செய்ய. அந்த அடுத்த மாசம் உங்களுக்கு வரவே இல்லை.

இதுதான் சொல்லாமல் விட்டது. பயத்தில் கவிழ்க்கவில்லை. பாவம் பார்த்தும் இல்லை. நீங்கள் ஒரு தடவையாவது ஜெயித்துச் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இன்று காலையில் மதினி போன் செய்தார்கள். கருப்பட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள். சேர்ந்தது என்றேன்.

"நீங்க எப்படி இருக்கிய?"

"எனக்கென்ன மதினி, நல்லாத்தான் இருக்கேன்."

சொல்லி முடிக்கவும் என் வாயில் கிடந்த துண்டு கடக் என்று உடைந்தது. அந்தச் சத்தம் மதினிக்குத் தெரியாததா? "சரி" என்று மட்டும் சொன்னார்கள்.