உரிக்காமல் விட்ட தாள்

2007 மே 19, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்ய வாங்கிய கம்ப்யூட்டர், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற வகை. வந்த நாளிலிருந்து பிராசசர் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி, பாதி வேலையில் அணைந்துவிடும். பூட்டிக் கொடுத்தவர் என் கணவர் சேகரின் நண்பர் பஷீர். எப்போது வந்து பார்த்தாலும், "பாண்டி வெயில் அப்படி, அண்ணி. ஏசி போட்டுக்கோங்க" என்பார்.

"உள்ள அவ்வளவு சூடு, தண்ணி ஓடுற டியூப் சில்லுன்னு இருக்கே. சூடு தண்ணிக்கு வந்தே சேரலை" என்றேன். பஷீர் சேகரைப் பார்த்து, "அண்ணிக்கு இதெல்லாம் எதுக்குண்ணே" என்று சிரித்தார்.

இன்று மதியம் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்த பிராசசர் மேல் வைத்திருந்த செம்புக் கட்டியை நானே கழற்றினேன். பூட்டும் முன் உரித்துப் போட வேண்டிய பிளாஸ்டிக் தாள் அடியில் உரிக்காமலே ஒட்டியிருந்தது. உரித்து, சூடு கடத்துகிற பேஸ்ட் தடவிப் பூட்டினேன். சூடு ஐம்பதைத் தாண்டவில்லை.

சாயங்காலம் சேகரிடம் தாளைக் காட்டினேன். "நீயே கழட்டினியா? ஏதாவது ஆயிருந்தா?" என்றவர், "பஷீர்கிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவான்" என்றார்.

அவர் எதிரிலேயே பஷீருக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணன் இருக்காரா, குடுங்க" என்றார்.

கொடுக்கவில்லை.