கப்பல் படத்துச் சமையல்காரன்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
ஆகஸ்ட் 17

அன்புள்ள நோயலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே குளிருக்கு முன்பே உடம்பைத் தேற்றிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குத் தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவிட்டது, கஞ்சி போய் இப்போது சோறு, சங்கரா மீன் குழம்பு வரை வந்தாயிற்று. குரல்தான் திரும்பவில்லை, குசுகுசுவென்று காற்றுதான் வருகிறது. துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலே கத்தின மனிதர் இப்போது காபிக்குக் கை தட்டுகிறார், நானும் இன்னொரு தரம் தட்டட்டுமே என்று விட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

கனடா குடியுரிமை வாங்கட்டுமா என்று நீ வீடியோவில் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனதையே மனதில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என மெசேஜ் போட்டிருக்கிறாய். உன் பெண்டாட்டி பிள்ளைகளின் வாழ்க்கை அதில் இருக்கிறது, அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. முதலில் பதினைந்தாம் தேதி நடந்ததைக் கேள். போனில் சொன்னால் நடுவில் பேசிக் குழப்புவாய், அதனால்தான் கடிதம்.

காலையில் மாதா திருநாள் பூசை, கோயில் வாசலில் சுதந்திர தினக் கொடியேற்றம், சாயங்காலம் தெருவில் திரை கட்டிக் கப்பல் படம், எல்லாம் வழக்கம்போலத்தான். இந்தியிலிருந்து டப்பிங் ஆன அந்தச் சண்டைப் படத்தை நம் தெரு எத்தனை தடவை பார்த்தாலும் விடுவதாக இல்லை. நீ காலேஜ் படிக்கும்போது, அந்தச் சமையல்காரனுக்கு ஒரு பேர்கூட வைக்காமல் மதராசி மதராசி என்றுதானே கூப்பிடுகிறார்கள், இதையா தேசபக்தி என்று பார்க்கிறீர்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டாய். நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அவர்கள் வைக்காத பேரை நாம் வைத்தோமே, தொம்மை என்று. குண்டு விழுந்து கப்பல் எரியும்போது, தப்பித்துப் போ என்கிற தளபதியிடம் அவன், தாய்த்திருநாட்டின் பொருட்டு இன்னுயிர் ஈவேன் தளபதியாரே என்று பேசுவதாக டப்பிங்கில் வரும். எந்தச் சமையல்காரன் அப்படிப் பேசுவான்? அதனால்தான் அந்த இடம் வந்ததும், படம் ஓட்டுகிற நம் தெருப் பையன் பிராங்கிளின் சத்தத்தை நிறுத்துவான், உன் அப்பா மைக்கைப் பிடித்து, இன்னா சார் நீ, அட்ப்புல சோறு வெந்துகினு கீது, பசங்க துன்ன வாணாமா, நீ போ சார், நா வர்றேன் என்பார். வாசலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கப்பலில் பஞ்சாபி, வங்காளி எல்லாப் பிள்ளைகளும் அவன் கையால்தானே சாப்பிட்டார்கள். நாடு என்றால் எனக்கு அந்த அடுப்படிதான் ஞாபகம் வரும். அது நமக்கும் உரிமையான கப்பல், யாரிடமும் கேட்டு ஏறவில்லை.

இந்த வருடம் அப்பாவுக்குக் குரல் இல்லை. பிராங்கிளின் டப்பிங்கையே ஓடவிடலாமா என்றான், எனக்குக் கோபம் வந்துவிட்டது, மைக்கைக் கொடுடா என்று நானே வாங்கிக்கொண்டேன். சரியாகத்தான் ஆரம்பித்தேன். அடுப்பு, சோறு எல்லாம் சொல்லிவிட்டு, பசங்க துன்ன வாணாமா என்பதற்குப் பதிலாக, நோயலு துன்ன வாணாமா என்று சொல்லிவிட்டேன். தெருவே சிரித்தது. மைக் கையில் இருக்க நான் அழுதுவிட்டேன். அப்பா வந்து மைக்கைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, அவன் துன்னுட்டுத்தான் இருப்பான், நீ பேசு மேரி என்று அந்தக் காற்றுக் குரலில் சொன்னார். அதுவும் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. மிச்சத்தைப் பேசி முடித்தேன், பக்கத்துத் தெரு உமைமா அக்கா கை தட்டி ஓய மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன், பிள்ளை கேட்டதற்கு ஏன் அப்படி எழுந்து போனீர்கள் என்று. பேச வர்ல, கண்ணுல தண்ணி வந்துட்ச்சி, அத்த புள்ள பாக்க வாணான்னு எழுந்துகினேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டிக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டு எந்த நாட்டுதா இருந்தா இன்னா, தொம்மை டயலாக்கு இனிமே அவன்துதான், சொல்லிடு என்றார். கோபக்காரர் பேசுகிற பேச்சா இது? நீயே சொல்.

ஆகவே மகனே, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் அந்த நாட்டுக்குச் சத்தியம் செய்துவிட்டு வா. சோறு போடுகிற ஊருக்கு உண்மையாக இரு. பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசை தவறவிடாதே, மருமகளோடு சமையலுக்கு நீயும் நில். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த வருடம் அந்தக் காட்சி வரும்போது பிராங்கிளின் உனக்குப் போன் போடுவான், மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் வைப்போம். உனக்கு அங்கே பகல்தான், வேலை என்று சாக்குச் சொல்லாதே. நீ எடுக்கிறவரை சத்தத்தை நிறுத்திவிட்டுத் தெருவே காத்திருக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
செ. அடைக்கலமேரி