சனிக்கிழமை பெரியப்பா வருகிறார்

என் தங்கமே,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் பெரியப்பாவின் கோபமும் ஒரு குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அம்மா என்று இழுப்பதற்குள் மீதியை நானே பேசி முடித்துவிடுவேன், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா. பத்தொன்பது வருஷமாகப் பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்கிறவர் கேட்டு முடிப்பதற்குள் மூன்றாவது மேடை, ஏழே கால் வண்டி என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். கல்லூரி விழாவில் நீ மைக் பிடித்து நன்றியுரை சொல்கிற போட்டோ யார் மூலமாகவோ அவருடைய போனுக்கு வந்திருக்கிறது. நம் வீட்டுப் பெண் மேடை ஏறிவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், மேடைக்குக் கீழே உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற நெட்டையனை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். படிக்க அனுப்பினோமா, பை தூக்க ஆள் தேட அனுப்பினோமா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உன்னை அந்தக் கல்லூரியிலிருந்து விலக்கி அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சேர்ப்பதற்காம். உன்னைச் சேர்த்தபோது முன்னால் நின்றவர் என்று கல்லூரிப் பதிவில் உனக்குப் பாதுகாவலர் அவர்தானே, அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டார், உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. அவள் சம்மதிக்க வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தார். "அவளா? அவ வாயே திறக்க மாட்டா. காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது கண்ணு, அந்தச் சிரிப்புதான் எரிகிறது, இன்றைக்கும் எரிகிறது.

அவர் அப்படிச் சிரிப்பதற்கு இடம் கொடுத்தவள் நான்தான். உனக்கு ஒன்பது வயதில் பல் டாக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் உன்னிடம் கேட்டார், நான் முந்திக்கொண்டு இதுதான் என்று காட்டினேன். அவர் பிடுங்கிவிட்டார். நல்ல பல்லை. நீ ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னோடு நடந்து வந்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த வாரம் கன்னம் வீங்கியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கூச்ச சுபாவம், அவள் அப்பா மாதிரி, என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூச்சம் உன்னுடையதுதான், ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார்?

அந்தக் கூச்சத்தை உடைத்தது நானும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. உன் அறையில் ஓயாமல் பேசுகிறாளே, நீங்களெல்லாம் ரேடியோ என்று கூப்பிடுகிற பெண், அவளுக்குத் தொண்டை புண்ணாகி ஒரு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்காக விடுதிக் காப்பாளரிடம் போய் வெந்நீர் கேட்டுச் சண்டை போட்டாயாமே. உனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டறியாத பெண்! அவள் குரல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக எனக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு கத்தினதைக் கேட்டு ரெண்டு மாடியும் முழிச்சுக்கிச்சும்மா" என்று சொன்னாள். அந்தப் பெண் ஆயுசுக்கும் நன்றாக இருக்கட்டும். அப்புறம் அந்த நெட்டையன். நிலம் அளக்கும் பயிற்சியில் மைதானத்தின் அந்தக் கோடியில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்க, கருவிக்குள் பார்த்து இடது பக்கம், வலது பக்கம் என்று நீ கத்த வேண்டுமாம். உனக்குக் குரல் எழும்பவில்லை. அவன் தானாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானாக இருந்தால் நாலு பக்கமும் நகர்ந்திருப்பேன். அவனோ ஒவ்வொரு தடவையும் கோலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, திரும்பி நடந்தானாம். பதினோராவது தடவை அவன் கிளம்பும்போது, வராதே, வலது பக்கம் தள்ளு என்று கத்தினேன் என்று சொன்னாயே, போனை வைத்துவிட்டு அழுதேன். பெற்றவளுக்கு இல்லாத பொறுமை யாரோ பெற்ற பிள்ளைக்கு இருந்திருக்கிறது. அவனைக் கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அவசரமும் இல்லை. பையை மட்டும் நீயே தூக்கு, கையிருக்கிறதல்லவா.

அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடவே மாட்டாள் என்று பெரியப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதுவும் நீ சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்வதுதானே. உன் அப்பாவைப் பார்த்து, போன் போட்டு அவளிடம் சொல்லு என்றார் பெரியப்பா. பட்டறையில் நாள் முழுக்க டயரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சத்தமில்லாமல் சாப்பிடுகிற மனுஷர், அண்ணன் எதிரில் தலை நிமிர்த்தியதே இல்லை, அவர் படிவத்தை மடித்து அண்ணன் கையிலேயே கொடுத்து, "அவ சொல்லட்டும் அண்ணா" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா டீகூடக் குடிக்காமல் போனார். போகட்டும், நானே குடித்தேன்.

அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படிவத்தோடு உன் விடுதிக்கு வருகிறார். நானும் கூட வந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்றுப் போய் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொள், ஆனால் அவளையும் பேச விடாதே. நெட்டையனை வரச்சொல்லாதே. பெரியப்பாவுக்கு நாற்காலி போடு, மரியாதையில் குறை வைக்காதே, குரல் நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே சொல். உனக்கே அங்கிருந்து வரத் தோன்றினால் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, கதவு திறந்திருக்கும். பயந்து மட்டும் போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பி இல்லாமல் மைதானத்துக்குப் போகாதே. எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும் நீ நிமிர்ந்து இரு, எங்கள் ஆசீர்வாதம் முழுவதும் உனக்குத்தான். என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்கு முன்கூட்டி எழுதாதே. நேராக அவரிடமே சொல்.

இப்படிக்கு,
சனிக்கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிற
உன் அம்மா