சைரனும் சாதுவும்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். நீயும் அத்தானும் நலமா என்று கேட்கவும் மாட்டேன். என் பிள்ளை அங்கே இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை?

நீ சைரனைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு வாரம் ஆகிறது. இரட்டையில் ஓயாமல் அழுகிறவளை அக்கா தலையில் கட்டிவிட்டு, சாதுவானதை நான் வைத்துக்கொண்டேனாம். எதிர்வீட்டம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "கெட்டிக்காரிதாம்மா நீ!" என்று. உண்மைதானே. இரண்டில் ஒன்றையாவது நிம்மதியாக வளர்க்கலாம் என்றுதான் கொடுத்தேன்.

இப்போது வேடிக்கையைக் கேள். சாது அழ ஆரம்பித்துவிட்டாள். குளிப்பாட்டினால் அழுகை, துடைத்தால் அழுகை, சும்மா கிடந்தாலும் அழுகை. இவர் கப்பலைவிட்டு இறங்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தையல் கூடத்தில் நான் துணி வெட்டுகிற மேசைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. நாள் முழுக்க நானும் இவளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போனே பண்ணாதே என்றாய். "உன் குரலக் கேட்டா புள்ள ஏங்கிப் போயிடும், எழுதிப் போடு" என்றாய். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

உன்
குட்டி


ஜூன் 10

என் குட்டிக்கு அக்காவின் அன்பு.

சைரன் என்ற பேரை முதலில் மாற்று. அந்தப் பேருக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. அழுகை என்றால் என்னவென்று மறந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்கு என்னோடு வருகிறாள். ஃபிரேம் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் மூக்கிலிருக்கும் கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கிறாள். "இவ்ளோ சமத்தா ஒரு புள்ளயா!" என்று கேட்காதவர் இல்லை. உன் அத்தான் குரல் கேட்டால் கழுத்து திரும்புகிறது.

கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. அரிசி முனையளவு.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் பல்லைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அதை முதலில் நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது அக்கா. சொந்த அக்காவைப் பார்த்து வயிறு எரிகிறவளும் ஒரு மனுஷியா என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள்.

நேற்று தடுப்பூசிக்குப் போனேன். 'குழந்தையின் சுபாவம்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி. எளிதில் சமாதானம் ஆகிறதா, புது ஆட்களைக் கண்டால் அழுகிறதா என்று இப்படி. எதிரே 'இல்லை', 'சில நேரம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டம். யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தேன். நர்ஸ் தாளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "இந்தப் புள்ளயவா எழுதியிருக்கீங்க? ஊசி போட்டதும் அழுதா, அப்புறம் உங்க முகத்தப் பாத்துச் சிரிச்சாளே, அத எங்க காணோம்?" என்றாள். சிரித்தாளா? நான் பார்க்கவில்லை. பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?" என்றாள். என் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கூடவே எடுத்து வந்த வெற்றுத் தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் இருப்பவளுக்கு நீ நிரப்பி அனுப்பு. பார்த்துவிடுகிறேன்.

குட்டி


ஜூன் 25

அன்புள்ள குட்டிக்கு,

தாளை நிரப்பி வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லாத பிள்ளை, நான் என்ன செய்ய?

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் கப்பலிலிருந்து வந்த பிறகும் இவள் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டுமே. இடம் மாற்றினால் பிள்ளையின் சுபாவம் கெட்டுவிடும் என்று உன் அத்தானும் சொல்கிறார்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

தாள் வந்தது. பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்திலும் நீதானே முதல் மார்க்.

புரிந்துவிட்டது. பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. சைரன் என்னிடம் இருந்தவரை அழுதாள், உன்னிடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். சாது என்னோடு தனியாக மாட்டியதும் அழுகிறாள். எந்தப் பிள்ளையானாலும் என் கைக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு வருஷம் என்ன, நீயே வைத்துக்கொள். சாதுவையும் வந்து அழைத்துப் போ. துணிமணியெல்லாம் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் வா, அதற்குமேல் என்னால் முடியாது. அவருக்கு நான் எழுதிக்கொள்கிறேன்.


ஜூலை 5

குட்டி,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாய்.

நான் எழுதியதெல்லாம் பொய். பல் மட்டும்தான் நிஜம்.

இவள் அழுகிறாள் குட்டி. உன்னிடம் அழுத மாதிரியேதான், அதைவிடக் கூடுதலாகவும். கண் பரிசோதிக்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இனி பிள்ளையைக் கடைக்குத் தூக்கி வராதே என்று முதலாளி மூன்றாம் நாளே சொல்லிவிட்டார். உன் அத்தான், அவர் தங்கை, நான், மூன்று பேர் முறை வைத்துத் தூக்குகிறோம். அப்படியும் போன வாரம் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். மூன்று பேர் திணறுகிற வேலையை நீ தனியாக, இரண்டு பிள்ளைகளோடு செய்தாய்.

போன் வேண்டாம் என்றது இதனால்தான். பண்ணினால் அவள் சத்தம் உனக்குக் கேட்டுவிடும்.

பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். எனக்கு ஒன்றுக்கும் வழியில்லை, உனக்கு ஒரே நாளில் இரண்டு. அன்று பிறந்த பொறாமை இது. என்னிடம் இவள் அழுவதே இல்லை என்று எழுதும்போது உனக்கு எரியும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவள் இங்கேதான் நன்றாக இருக்கிறாள் என்று நீ நம்பினால் திருப்பிக் கேட்கமாட்டாய் என்று கணக்குப் போட்டேன்.

நீ அனுப்பிய தாளில் இருந்த பத்துக் கேள்வியையும் நினைவிலிருந்து நானே எழுதி, இந்த முறை உள்ளது உள்ளபடி நிரப்பியிருக்கிறேன்.

சாதுவின் துணியைப் பையிலிருந்து எடுத்து வை. இந்தக் கடிதத்தைக் கடைப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நேரில் வர எனக்கு முகமில்லை.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

உன் கடைப் பெண் வாசலில் காத்திருக்கிறாள். பதிலை அவளிடமே கொடுக்கிறேன்.

உன் தாளையும், நான் சாதுவுக்கு எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பிள்ளை, இரண்டு வீடு, ஆனால் பத்துக் கட்டமும் ஒன்றுபோல இருக்கின்றன. தூங்காத இரண்டு பெண்கள் எழுதிய தாள் வேறெப்படி இருக்கும்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. பொய் சொன்னதைக்கூட விடு. இந்த ஒரு மாதம் என்னை நானே என்னவெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டேன் தெரியுமா?

சாது சிரிக்கத்தான் செய்கிறாள். இன்று காலை அழுது முடித்த கையோடு சிரித்தாள். இந்த முறை பார்த்தேன்.

சனிக்கிழமை வா. எடுத்துப் போக அல்ல, சைரனோடு வந்து ஒரு மாதம் இங்கே இரு. அத்தான் தங்கையையும் கூட்டி வா. தனியாக என்னால் முடியவில்லை. இதை அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று செய். இதைப் படித்ததும் போன் பண்ணு. அவள் தூங்கும்போது வேண்டாம், அழும்போது பண்ணு. நீ எதுவும் பேச வேண்டாம். போனை அவள் பக்கத்தில் வை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குட்டி